மாதாவுக்குக் கண் எழுதியவள்

அந்த அக்காவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவளுடைய மகள் புத்தகம் படிக்கிறவள், இதுவும் அவள் கைக்குப் போகக்கூடும். தவிர, செராமிக் கம்பெனியில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் சொன்னார்கள். என்னை அவள் பாப்பா என்பாள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணைப் பாப்பா என்று கூப்பிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை.

அவளுக்குக் கேட்கத் தெரியும். எது வேண்டுமோ அதை, யாரிடம் இருக்கிறதோ அவரிடம், கூச்சமில்லாமல் கேட்டுவிடுவாள். கெஞ்ச மாட்டாள், அதட்டவும் மாட்டாள். குழம்புக்கு உப்புப் போதவில்லை என்று சொல்கிற மாதிரி சொல்வாள். எதிரில் இருப்பவர் கொடுத்துவிடுவார்.

ஒருமுறை எங்களோடு வேலை பார்த்த பெண்ணின் கல்யாணத்துக்குக் கம்மாபுரம் போனோம். பஸ்ஸில் நிற்க இடமில்லை. வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரிய மனிதர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அக்கா அவரிடம் குனிந்து, "ஐயா, கொஞ்சம் எழுந்திரிங்க. எனக்குக் காலு வலிக்குது" என்றாள். அவர் எழுந்துவிட்டார். அவள் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஒனக்கும் கேக்கட்டுமா பாப்பா?"

"வேணாங்க்கா."

அன்றைக்கு எனக்குச் செருப்புக் கடித்துக் கால் கொப்பளமாகி இருந்தது. கம்மாபுரம் வரை நின்றுகொண்டே போனேன். அவள் ஜன்னலில் முகத்தை வைத்துக் காற்று வாங்கிக்கொண்டே வந்தாள். அவள் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

எங்கள் கம்பெனி விருத்தாசலம் தொழிற்பேட்டையில் இருந்தது. எண்பதுகளின் கடைசி அது. ஒரு கொட்டகையில் கரண்டுக்கான பியூஸ் கட்டைகள் செய்தார்கள். இன்னொன்றில் பொம்மைகள்: கிளி, வாத்து, பிள்ளையார், குழந்தை ஏசு, தொப்பையோடு சிரிக்கிற சீனாக்காரர். களிமண் கூழை அச்சில் ஊற்றி, காய்ந்ததும் பிசிறு சுரண்டி, சூளையில் வேகவைத்து எடுத்து வந்தால் பெயின்ட் அறை எங்களுடையது. நாங்கள் எட்டுப் பெண்கள். அதில் கண் எழுதுகிறவர்கள் நானும் அவளும் மட்டும்.

அந்த அறையில் காற்றே வராது. இரண்டு கோடையாக வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு எங்களுக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டிருந்தோம். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே முதலாளியின் அறைக்குப் போய், "உங்க ரூம்ல ரெண்டு பேன் ஓடுது. ஒண்ண எங்களுக்குக் குடுங்க" என்றாள். மத்தியானத்துக்குள் பேன் வந்துவிட்டது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நானும் அந்தக் காற்றில்தான் உட்கார்ந்தேன். ஆனால் இரண்டு வருடம் அந்த அறையில் இருந்த எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்பது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

வேலையிலும் அப்படித்தான். நான் எழுதும் கண்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். சூப்பர்வைசர் என்னுடையதைத்தான் மாதிரிக்கு எடுத்து வைப்பார். அவள் எழுதுவது ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. ஆனால் வாங்க வருகிற கடைக்காரர்கள் அவள் எழுதிய பொம்மையைத்தான் கையில் எடுப்பார்கள். எடுத்ததும் அவர்கள் முகத்திலும் லேசாக ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பை நான் பக்கத்து ஸ்டூலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவள் குயவர் வீட்டு மருமகள். நான் உபதேசியார் மகள். விருத்தாசலத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி தூரத்தில் ஒரு கிராமத்து மாதா கோயில், அதில் ஜெபம் சொல்லிக் கொடுப்பதும் சாமியார் வராத ஞாயிறுகளில் பிரார்த்தனை நடத்துவதும் அப்பாவின் வேலை. கோயிலை ஒட்டித்தான் எங்கள் வீடு. மாதாவை எங்கள் வீட்டு மனுஷியாகத்தான் நான் நினைத்து வளர்ந்தேன்.

கோயிலில் இருந்த மாதா சுரூபம் பிரெஞ்சுக்காரச் சாமியார்கள் காலத்தில் புதுச்சேரியிலிருந்து மாட்டு வண்டியில் வந்தது என்பார்கள். மரத்தில் செதுக்கியது. வெள்ளைக்கார முகம், நீலக் கண். ஆனால் தை மாதத் திருவிழாவில் பட்டுப் புடவை கட்டி, மூக்குத்தி வைத்து, மல்லிகைச் சரம் சாத்தித் தேரில் ஏற்றிவிட்டால் அவள் எங்கள் பக்கத்துப் பொம்பளைதான். கொடியேறியதிலிருந்து பத்து நாளும் கூட்டம் இருக்கும். நல்லூர்ப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியிலும் டிராக்டரிலும் வருவார்கள். வேதக்காரர்களான எங்களைவிட மற்றவர்கள்தான் அதிகம். மொட்டை போடுவார்கள், கோயில் திடலில் பொங்கல் வைப்பார்கள், உப்பும் மிளகும் கொட்டுவார்கள், பிள்ளைக்காக மரத்தில் தொட்டில் கட்டுவார்கள். தேருக்கு முன்னால் தேங்காய் உடைக்க வருகிறவர்களை அப்பா தடுப்பார். "விடுங்க உபதேசியாரே" என்று சாமியார் சிரிப்பார்.

அக்கா முதல்முறை வந்தது மகளுக்காக. அந்தப் பெண்ணுக்கு அப்போது ஏழு வயது இருக்கும். அடிக்கடி வலிப்பு வந்துகொண்டிருந்தது. கம்பெனியில் யாரோ சொல்லி, திருவிழாவுக்கு மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். நான் ஜெபமாலையோடு முழங்காலில் இருந்தேன். அவள் எனக்கு முன்னால் நேராக மாதாவிடம் போய் நின்று சத்தமாகவே பேசினாள்.

"இந்தாம்மா, எங்க பெரியநாயகிகிட்டயும் சொல்லிட்டேன், மாரியாத்தாகிட்டயும் சொல்லிட்டேன். இப்ப உங்கிட்ட சொல்றேன். உங்கள்ல யாரு கையில மருந்து இருக்குதோ அவங்க குடுங்க. யாரு குடுத்தாலும் மூணு பேருக்கும் பொங்கல் வைக்கிறேன்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, என் வீட்டுக்குள் வந்து யாரோ அடுப்படியில் கை வைத்த மாதிரி. அந்த வருடம் கடலூரில் ஒரு டாக்டர் கொடுத்த மாத்திரையில் மகளுக்கு வலிப்பு நின்றது. அவள் மூன்று பேருக்கும் பொங்கல் வைத்தாள். அதன் பிறகு மாதா கோயிலில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால், "அந்தக் கொசவூட்டு அம்மாவ வேண்டிக்கச் சொல்லு" என்று பேச ஆரம்பித்தார்கள். உபதேசியார் மகளிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

எனக்கும் ஒரு வேண்டுதல் இருந்தது. பிளஸ் டூ முடித்துவிட்டு டீச்சர் டிரெயினிங் போக வேண்டும் என்று ஆசை. அப்பாவிடம் சொல்லாமலேயே மூன்று வருடமாக மாதாவுக்கு ஒன்பது நாள் ஜெபமான நவநாளைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் எப்படியோ அதை அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"அப்பாருகிட்ட கேட்டியா?"

"இல்லக்கா."

"அப்புறம் மாதா என்னா செய்வா? உங்கப்பாரு கனவுலயா போயி சொல்லுவா?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் கோயில் கூரை ஒழுகி, கண்ணாடிப் பேழைக்குள் தண்ணீர் இறங்கி, மாதாவின் முகத்தில் பெயின்ட் பொரிந்து உதிர்ந்துவிட்டது. ஒரு கண் பாதி போய்விட்டது. அப்போது சுற்றுவட்டக் கோயில்கள் சேர்ந்த எங்கள் பங்குக்குப் புதிதாக வந்திருந்த இளம் சாமியார், அப்பாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் கம்பெனிக்கே வந்தார். பெயின்ட் அறை வாசலில் நின்று, "மாதாவுக்கு முகம் எழுதணும். திருவிழாவுக்குள்ள முடிச்சுக் கொடுக்கணும். யாராவது செய்வீங்களா?" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். என் கையில் பிரஷ் இருந்தது. நான் குனிந்துகொண்டேன். அப்பா சொல்வார் என்று நினைத்தேன், அல்லது சாமியாரே 'நீதானே உபதேசியார் பொண்ணு' என்பார் என்று நினைத்தேன். அந்த வேலை எனக்கு வர வேண்டியது. அதை நானே எப்படிக் கேட்பது?

அக்கா பிரஷ்ஷைத் துணியில் துடைத்துவிட்டு எழுந்தாள்.

"நா எழுதுறேன் சாமி."

"நீங்க எந்தப் பங்கும்மா?"

"பங்கெல்லாம் ஒண்ணும் இல்ல சாமி. நாங்க கொசவருங்க. எங்க மாமனாரு ஐயனாரு குதிரைக்குக் கண்ணு எழுதுனவரு. எம் புள்ளைக்கு மாதா நல்லது செஞ்சா. எனக்கு அவ கண்ண எழுதணும்னு ஆசையா இருக்குது."

சாமியார் அப்பாவைப் பார்த்தார். அப்பா மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு, "சரிம்மா, வாங்க" என்றார் சாமியார்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அப்பா, "நீ வாயத் தொறந்திருக்கலாமில்ல" என்றார். 'நீங்க தொறந்திருக்கலாமில்ல' என்று எனக்கு நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை.

அக்கா இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து பூசைப் பொருள்கள் வைக்கும் அறையில் உட்கார்ந்து முகத்துக்கு நிறம் கொடுத்தாள். அந்த அறையின் சாவி கோயில் பிள்ளையின் மனைவியிடம் இருந்தது. கோயிலைக் கூட்டி, மணி அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர் கோயில் பிள்ளை. அவர் மனைவிக்குத் தரை பளபளவென்று இருக்க வேண்டும். அக்கா தரையில் பெயின்ட் சிந்திவிட்டாள் என்று இருவருக்கும் நல்ல சண்டை நடந்தது.

கண்ணை ஒரு வெள்ளிக்கிழமைக்கு வைத்துக்கொண்டாள். அன்றைக்கு ஒரு பொழுது இருந்து, தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு வந்தாள். சாமியாரிடம், "நீலம் வேணாம் சாமி. கறுப்பே எழுதிடுறேன். நம்ம ஊருல இருக்குறவதானே" என்றாள். அவர் அதற்கும் சரி என்றார். என் அம்மாவிடம் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கேட்டு வாங்கினாள்.

"பாப்பா, நீ வந்து கண்ணாடியப் புடி. கண்ணு தொறந்ததும் அவ மொதல்ல மனுசங்களப் பாக்கக் கூடாது. அவள அவளே பாக்கட்டும்."

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் மாதாவுக்கு முன்னால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா பக்கவாட்டில் உட்கார்ந்து எழுதினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கோடு, விட்டுவிட்டு ஒரு கோடு. கடைசியில் பிரஷ் நுனியில் சிவப்புத் தொட்டு இரண்டு கண்ணின் ஓரத்திலும் முடியளவுக்கு இழுத்தாள். எழுந்து தள்ளி நின்று பார்த்தாள். நானும் பார்த்தேன்.

மாதா சிரித்தாள். உதட்டில் எந்த மாற்றமும் இல்லை, கண் மட்டும் சிரித்தது. நாம் ஏதோ கேட்க வந்திருக்கிறோம் என்பது தெரிந்து, 'சொல்லு' என்பது போல் ஒரு சிரிப்பு. பிறந்ததிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்த மாதா ஒருநாளும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கண்ணாடியை இறக்காமல் அப்படியே நின்றேன். அது பக்தி என்று அக்கா நினைத்திருப்பாள். என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு மாதா சபைப் பெண்கள் நாலைந்து பேர் வந்து சுரூபத்தைப் பார்த்தார்கள். அழகாக இருக்கிறது என்றார்கள். அவர்களில் ஒருத்தி கிட்டப் போய், "கண்ணோரத்துல என்னா செவப்பு அது?" என்று கேட்டாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். கூட இருந்து பார்த்தவள் நான்தான் என்று அவர்களுக்குத் தெரியும்.

"ஐயனாருக்கு வைக்கிற மாதிரி கோழி ரத்தம் தொட்டு வச்சாங்க" என்றேன்.

இதை நான் முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை. அதற்காக அது வாய் தவறி வந்தது என்றும் சொல்ல முடியாது. சொல்லும்போதே எனக்கு அது இனித்தது.

இரண்டு நாளில் ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. பலி கொடுத்த ரத்தத்தை மாதா முகத்தில் பூசிவிட்டார்கள் என்று சிலர் கோயிலுக்கு வர மாட்டோம் என்றார்கள். சாமியார் அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார். "பெயின்ட்டு சாமி. நீங்களே தொட்டுப் பாருங்க" என்றாள். அவர் அவளை நம்பினார். ஆனால் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. என்னிடம் வந்து, "நீ எழுதினா யாரும் பேச மாட்டாங்கம்மா. அழிச்சிட்டு எழுதிடு" என்றார். யார் சொன்ன பேச்சு என்று அவர் கேட்கவில்லை. கூட இருந்த பெண்ணே ரத்தம் என்று சொன்னாள் என்பது, பேச்சு நாலு வாய் மாறியதில் காணாமல் போயிருந்தது.

நான் கேட்காமலேயே எனக்கு வர வேண்டியது வந்துவிட்டது. டர்பன்டைன் தொட்டு அந்தக் கண்களைத் துடைத்தேன். சிரிப்பு துணியில் கறுப்பாக வந்தது. பிறகு எழுத உட்கார்ந்தேன். ஆயிரக்கணக்கில் பொம்மைகளுக்கு ஒரே மாதிரி எழுதிய கை அன்றைக்குச் சொன்னபடி கேட்கவில்லை. அவள் எழுதியதைப் போலவே எழுதிவிட வேண்டும் என்றுதான் முயன்றேன், அதுதான் உண்மை. மூன்று தடவை அழித்தேன். நாலாவது தடவை மேல் இமை கொஞ்சம் தாழ்ந்து, பார்வை பக்கத்தில் ஒதுங்கி, யாரோ கேள்வி கேட்டு மாட்டிக்கொண்டவள் மாதிரி வந்தது. மறுநாள் கொடியேற்றம். அப்படியே விட்டுவிட்டேன்.

அந்த வருடத் திருவிழாவில் கூட்டம் அந்தக் கண்ணைப் பார்த்து அழுதது. "மாதா அழுவுறா" என்று ஒருத்தி சொல்ல, நூறு பேர் சொன்னார்கள். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு எங்கே போவது என்று தெரியாமல் இருந்த கம்மாபுரம் பக்கத்து ஆட்கள் தேருக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். "எங்க நெலம் போனது அவளுக்குத் தெரிஞ்சிருக்குது" என்று ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். முகம் எழுதியது யார் என்று எல்லாரும் கேட்டார்கள். அப்பா ஒவ்வொருவரிடமும் என்னைக் காட்டினார்.

அக்காவும் வந்திருந்தாள். மகளுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்தாள். தேரை நிறுத்தி வைத்திருந்தபோது வெகுநேரம் மாதாவை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"நா எழுதுனது சிரிச்சுது. நீ எழுதுனது அழுவுது. அழுவுற சாமியத்தான் சனங்களுக்குப் புடிக்குது பாப்பா. எனக்கு வயித்தெரிச்சலா இருக்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வயிற்றெரிச்சல் என்ற வார்த்தையை இவ்வளவு லேசாகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியாது. அதை வைத்துக்கொண்டுதான் நான் இரண்டு வருடமாகத் தூங்காமல் இருந்தேன்.

"எல்லாம் அந்தக் கோயிலு புள்ள பொண்டாட்டி கட்டுன கத. தரையில பெயின்ட்டு சிந்துனதுக்கு இப்புடிப் பழி தீத்துக்கிட்டா. இனிமே அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவள் அதோடு விடவில்லை. நேராக அப்பாவிடம் போனாள். "உபதேசியாரே, பாப்பாவுக்கு டீச்சர் டிரெயினிங் படிக்கணும்னு ஆச. அனுப்பி வைங்க. பொம்மைக்குக் கண்ணு எழுதிக்கிட்டு எத்தினி நாளைக்கி இருக்கும் அது?"

அப்பா திகைத்துப்போய், "எங்கிட்ட இவ கேட்டதே இல்லியே" என்றார்.

அடுத்த வருடம் நான் டிரெயினிங் சேர்ந்தேன். மூன்று வருட நவநாளில் நடக்காதது அவள் ஒரு வார்த்தை கேட்டதில் நடந்தது. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு ஆத்திரம் வந்தது. என் படிப்பையும் அவள்தான் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டுமா?

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன், பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அங்கே கேட்டதை அவர் வெளியில் சொல்லக் கூடாது. அது தெரிந்துதான் அங்கே சொன்னேன். வலைத்தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து அவர், "வெளியே வந்து அந்தம்மாகிட்ட நீயே சொல்லணும். சொல்லுவியா?" என்றார். சொல்கிறேன் என்றேன். பரிகாரமாக அவர் கொடுத்த ஜெபங்களை முடித்துவிட்டு நேராக பஸ் ஏறிவிட்டேன்.

படித்தேன், வேலை கிடைத்தது, பண்ருட்டிப் பக்கம் கல்யாணமாகிப் போனேன். திருவிழாவுக்கு வருவதைத் தவிர்க்க ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் கிடைத்தது. தொண்ணூறுகளின் நடுவில், அப்பாவுக்கு உடம்பு தளர்ந்துவிட்டது என்று ஒரு தை மாதம் வந்தேன். தேரில் புதிய சுரூபம் இருந்தது. பழைய மாதாவின் பீடத்தைக் கரையான் அரித்துவிட்டதாம். "அந்தக் கொசவூட்டு அம்மா வந்து, எனக்குக் குடுங்கன்னு கேட்டாங்க. சாமியாரு குடுத்துட்டாரு" என்றார் அப்பா.

மறுநாள் மத்தியானம் விருத்தாசலத்தில் அவள் வீட்டைத் தேடிப் போனேன். மாதாவைப் பார்க்கத்தான் போனேன், அவளைப் பார்க்க இல்லை. அவள் முடி பாதி நரைத்திருந்தது. "பாப்பா" என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப் போனாள். முருகன் படத்துக்கும் அங்காளம்மன் படத்துக்கும் நடுவில் பலகை அடித்து மாதாவை நிற்க வைத்திருந்தாள். நெற்றியில் குங்குமம், தலையில் கதம்பம். கண்கள் நான் எழுதியவை. வெளிச்சத்தில் கிட்ட இருந்து பார்த்தபோது அவை அழவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவை பயந்திருந்தன.

"நீ வரணும்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன். உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள். "இந்தக் கண்ண அழிச்சுட்டு பழையபடி எழுதிக்கட்டுமா? நீ எழுதுனது. உங்கிட்ட கேக்காம எப்புடிக் கைய வைக்கிறது?"

தரையில் உட்கார்ந்தேன்.

"அக்கா, கோழி ரத்தம்னு சொன்னது நாந்தான்."

அவளுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். "கோயிலு புள்ள வூட்டம்மா சொல்லல. நா சொன்னேன். நீங்க எழுதுன கண்ணு அவ்வளவு அழகா இருந்துது. எனக்குத் தாங்கல."

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். எழுந்து அடுப்படிக்குப் போனாள். ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு குடித்துவிட்டு அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவ போன ஆடியில செத்துப் போனா" என்றாள். "ரெண்டு தடவ எங்கிட்ட பேச வந்தா. ஒரு திருவிழாவுல பொங்கலுக்கு வெறவு பத்தலன்னு, அவ வூட்டுலேர்ந்து ஒரு கட்டு கொண்டாந்து எம் பக்கத்துல வச்சுட்டுப் போனா. நா அதத் தொடல. சாவுக்கும் போவல." சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப நா யாருகிட்ட போயி மன்னிப்பு கேக்குறது?" என்றாள்.

அவள் ஒருவரிடம் கேட்டு, பதில் கிடைக்காமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு பரணிலிருந்து டர்பன்டைன் பாட்டிலை எடுத்து வந்தாள். ஒரு பழைய துணியைக் கிழித்து என்னிடம் நீட்டினாள். "நீ எழுதுனத நீயே அழிச்சுட்டுப் போ."

பலகைக்கு எதிரில் நின்று துடைத்தேன். பெயின்ட் இறுகிப் போயிருந்தது, தேய்க்க வேண்டியிருந்தது. முடிந்ததும் அவள் மாதாவின் முகத்தின் மேல் ஒரு புதுத் துணியைப் போட்டு மூடினாள். நாளைக்கு ஒரு பொழுது இருந்து எழுதுவதாகச் சொன்னாள். வாசல் வரை வந்து, "போயிட்டு வா" என்றாள். பாப்பா என்று சொல்லவில்லை. பிடிக்காமல் இருந்த அந்தப் பேரைக் கேட்பதற்காக நான் படியில் கொஞ்சம் நின்றேன்.

பஸ்ஸில் அப்பா வீட்டுக்குத் திரும்பும்போது, நாளைக்கு அந்த முகத்தில் வரப்போகும் கண்ணைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனைக்குப் பிறகும் அதன் மேல் எனக்குப் பொறாமை இருந்தது. அதை இங்கே எழுதாமல் விட்டால் இன்னொரு பொய் சொன்னவளாவேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அப்பா கோயிலிலிருந்து குழப்பத்தோடு வந்தார்.

"அந்தக் கொசவூட்டு அம்மா இன்னிக்கு பூ, பழமெல்லாம் வாங்கிக்கிட்டு கோயிலு புள்ள வூட்டுக்கு வந்துது. அவரு பொண்டாட்டி போட்டோவுக்கு முன்னால விழுந்து கும்புட்டுது. மன்னிச்சுக்க, மன்னிச்சுக்கன்னு ஒரே அழுவ. எதுக்குன்னு நாங்க கேட்டோம். தப்பா நெனச்சுட்டேன், அவ்வளவுதான்னு சொல்லிட்டுப் போயிடிச்சு. என்னா விசயம்னே தெரியல."

என் பெயரை அவள் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டுவிட்டாள் என்பதை வைத்துக்கொண்டு நான் பண்ருட்டிக்குப் போய்விடலாம். என் பை கட்டிலின் மேல் கட்டி வைத்தபடி இருந்தது.

"எனக்குத் தெரியும்ப்பா" என்றேன்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடி பிடித்துக்கொண்டு நின்றதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தேர்க் கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் என்னைக் காட்டியதைச் மட்டும் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். முடித்ததும் அவர் எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தம்மா வூடு எந்தத் தெருவுல இருக்குது?" என்று கேட்டார்.